ஐந்தரைக் கிலோமீட்டர் தெரிந்தவர்

எங்கள் நிலையத்தில் அவருக்குப் பெயர் புதன். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை எழுதுகிற எனக்கே சில நாள் அது யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கும். காரணம் எளிது. வாரம் முழுக்க அவர் ஷண்டிங் எஞ்சினில் உட்கார்ந்து சரக்குப் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பார். புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு மட்டும் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைத் தனியாக எடுத்துக்கொண்டு இணைப்புப் பாதையில் போவார். பதினொன்றரைக்குத் திரும்பி வருவார். பதினெட்டு வருஷம் இதைச் செய்தார்.

அந்தப் பதினெட்டு வருஷமும் நான் டிரைவர்கள் வந்து கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போகிற அறையில் எழுத்தராக இருந்தேன். ஒரு மேஜை, இரண்டு தொலைபேசி, மூன்று அலமாரிப் பதிவேடுகள், ஒரு ஜன்னல். இணைப்புப் பாதை யார்டிலிருந்து பிரிவது அந்த ஜன்னலுக்கு நேர் எதிரில். எஞ்சின் போகும்போது உள்ளே எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணிவிடலாம். அவ்வளவு கிட்டே.

பாதையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலையம் வடக்குப் பாதையில் இருக்கிறது. இங்கிருந்து கிழக்கே போக வேண்டிய வண்டி பெரிய சந்திப்புக்குப் போய், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டு, வேறு பக்கமாகக் கிளம்ப வேண்டும். அந்தச் சுற்றே இல்லாமல் எங்கள் யார்டையும் கிழக்குப் பாதையில் உள்ள ஒரு சிறு நிலையத்தையும் நேராகச் சேர்ப்பது இந்த இணைப்பு. நீளம் ஐந்தரைக் கிலோமீட்டர். துறைமுகம் கட்டக் கல் கொண்டுபோவதற்காகப் போட்டார்கள். ஒரு காலத்தில் நாளுக்கு எட்டு வண்டி ஓடியதாம். துறைமுகம் முடிந்தது, எட்டு நாலாகி, நாலு ஒன்றாகி, கடைசியில் குவாரியில் தண்ணீர் நின்று மீன் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஆனால் பாதையைப் பிடுங்க வேண்டுமென்றால் பதினோரு பேர் கையெழுத்து வேண்டும். விட்டுவைக்க ஒருவர் கையெழுத்தும் வேண்டாம். அதனால் விட்டுவைத்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதில் உருப்படியாக வண்டி போனது மூன்று தடவை. வெள்ளத்தில் சந்திப்புக்குப் போகும் பாலம் அடித்துக்கொண்டு போனபோது ஒரு வாரம். சந்திப்பின் மேம்பாலத்துக்கு அடியில் நுழையாத அளவுக்கு உயரமான ஒரு மின்மாற்றியைக் கொண்டுபோனபோது ஒரு நாள். மூன்றாவது, இந்தப் பாதை தேவையா என்று ஆராய ஓர் அதிகாரி தனிப் பெட்டியில் வந்தது. அவர் நடுவழியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு, தேவை என்று எழுதிவிட்டுப் போனார்.

புதன்கிழமை ஓட்டத்துக்குத் துரு ஓட்டம் என்று பெயர். தண்டவாளத்தில் துரு படிந்துவிட்டால் அதன்மேல் வண்டி நிற்பது நிலையத்தில் இருக்கும் விளக்குப் பலகைக்குத் தெரியாது. பாதை காலி என்றே காட்டும். அப்படிக் காட்டினால் அடுத்த வண்டியையும் உள்ளே விட்டுவிடுவார்கள். அதனால் வாரம் ஒரு தடவை எஞ்சின் சக்கரத்தால் துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் வேறு யாரும் இந்த வேலையைக் கேட்டு வாங்கியதில்லை. புதன் கேட்டு வாங்கினார்.

அவர் முன்பு நீண்டதூர வண்டி ஓட்டியவர். நன்றாகவே ஓட்டியவர். மகளுக்கு இரண்டரை வயதாகும்போது ஒரு நாள் வீட்டுக்குப் போயிருக்கிறார். குழந்தை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "அம்மா, மாமா வந்திருக்காங்க" என்றதாம். வீட்டுக்கு எப்போதாவது வருகிற ஆண்களெல்லாம் அதற்கு மாமா. மறுவாரம் அவர் ஷண்டிங் எஞ்சின் கேட்டு மனு எழுதினார். மனுவைத் தட்டச்சு செய்தவன் நான். பதவி உயர்வை விட்டுவிட்டு யார்டுக்கு வருகிற ஆளை எங்கள் அலுவலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பி, புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்று மருத்துவரிடமும் காட்டச் சொன்னார்கள். சரியாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்கு வாய்த்துடுக்கு உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும், "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுன்னு சொல்வாங்க. எனக்குப் புதன் கிடைச்சாச்சு, பொன்தான் கிடைக்கல" என்பார். புதன் சிரிப்பார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பேசினால் பாதையைப் பற்றித்தான் பேசுவார், அதுவும் என்னிடம்தான். மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு நாற்காலியை விட்டு எழுந்து போக முடியாது.

அவர் சொன்னதில் ஒன்று மனப்பாடமாகிவிட்டது. கிழக்கு முனையிலிருந்து எங்கள் பக்கம் வரும்போது முதல் இரண்டு கிலோமீட்டர் இறக்கம். இறக்கம் முடிந்ததும் ஒரு வளைவு. வளைவு முடிந்ததும் ஒரு சிக்னல். எல்லா இடத்திலும் சிக்னல் இடது பக்கம் இருக்கும். இங்கே இடது பக்கம் மாவு மில்லின் சுவர் இருப்பதால் வலது பக்கம் நட்டிருந்தார்கள். டிரைவர் உட்காருவது இடது பக்கம். தெரிந்தவன் இறக்கத்திலேயே பிரேக் போட்டு, வலது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவான். தெரியாதவன் இடது பக்கம் தேடுவான். தேடி முடிப்பதற்குள் சிக்னலைத் தாண்டிவிடுவான். தாண்டினால் நூறடியில் ரயில்வே கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். வேகத்தைக் குறை என்று வைத்திருந்த இரும்புப் பலகையை இரண்டு தடவை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது தடவை அலுவலகம் வைக்கவில்லை.

இதற்காகத்தான் விதி ஒன்று இருக்கிறது. ஒரு டிரைவர் புதுப் பாதையில் வண்டி எடுக்குமுன், பாதை தெரிந்த ஒருவரோடு மூன்று தடவை அதில் போய்வர வேண்டும். போய்வந்ததற்கு வழிப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எழுத்தர் தேதி பார்த்து முத்திரை குத்த வேண்டும். எழுத்தர் என்றால் நான். கையெழுத்து இல்லாத டிரைவர் அந்தப் பாதைக்கு வந்தால், தெரிந்தவர் ஒருவர் வழிகாட்டியாக உடன் ஏற வேண்டும். நல்ல விதிதான்.

இணைப்புப் பாதையைக் காட்டக்கூடியவர் புதன் ஒருவர்தான். அவர் போவதோ புதன்கிழமை. தங்கள் ஓய்வு நாளில் மூன்று புதன்கிழமைகளைத் தொலைத்து, வண்டியே போகாத பாதையைப் படிக்க எந்த டிரைவருக்கும் மனம் வரவில்லை. ஆனால் பதவி உயர்வுக் கோப்பில் நம் பகுதியின் எல்லாப் பாதைக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். ஆகவே பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தேநீர் நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருவார்கள். முதல் ஆளை அவர் இரண்டு மாதம் இழுத்தடித்தார். அந்த ஆள் ஆறு பேரைச் சிபாரிசுக்கு அனுப்பினார். கடைசியில் போட்டார். ஒன்று போட்டபின் இரண்டாவதுக்கு என்ன காரணம் சொல்வது? பன்னிரண்டு வருஷத்தில் பதினாலு பேருக்குப் போட்டுக்கொடுத்தார். பதிவேட்டின்படி எஞ்சினில் மூன்று பேர் போன புதன்கிழமைகளில் என் ஜன்னல் வழியாகப் புதனும் அவருடைய உதவியாளருமாக இரண்டு தலைதான் தெரியும். மூன்றாவது ஆள் ஓய்வறையில் சீட்டாடிக்கொண்டிருப்பார். நான் முத்திரையை மையில் தோய்த்துக் குத்துவேன்.

பதினாலாவது ஆள் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. துடிப்பான டிரைவர், விரைவு வண்டிக்கு உயர வேண்டிய நேரம். கோப்பில் இந்த ஒரு கையெழுத்துதான் பாக்கி. வேறு யாருக்காவது என்றால் கொஞ்சம் பிகு பண்ணலாம், வீட்டிலேயே சிபாரிசு. "ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தீங்க, என் தம்பிக்குன்னா மட்டும் கை வராதா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். ஒரே ஒரு புதன்கிழமையாவது வந்துவிட்டுப் போகட்டும் என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். மைத்துனனுக்கு அன்று வேலை, மறுவாரம் வீடு மாற்றம், அதற்கடுத்த வாரம் பல்வலி. கையெழுத்துப் போட்ட அன்று புதன் என் மேஜைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். முத்திரை குத்தியதும் மையை ஊதிக் காயவைத்துவிட்டுப் போனார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, பெரிய சந்திப்பின் வாசலில் ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் இரண்டு பெட்டி சாய்ந்து எல்லாப் பாதையையும் அடைத்துக்கொண்டன. எந்த வண்டி எந்த வழியில் போவது என்று தீர்மானிக்கிற கன்ட்ரோலுக்குப் பத்து மணிக்கு இணைப்புப் பாதை ஞாபகம் வந்தது. கிழக்கு முனைச் சிறு நிலையத்தில் ஒரு விரைவு வண்டி கிட்டத்தட்ட ஆயிரம் பேரோடு நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவருக்கு வழிப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று கன்ட்ரோலர் என்னைக் கேட்டார். டிரைவர் பெயரையும் சொன்னார். அது புதனின் மைத்துனன்.

நான் பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். "இருக்கு சார்" என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. வழிகாட்டி தேவையில்லை, பத்து நிமிஷத்தில் வண்டியை எடுக்கச் சொல்கிறேன் என்று கன்ட்ரோலர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

யார்டில் வேலை நின்றுபோனதால் புதன் அறைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்ட்ரோலர் சொன்ன பெயர் அவர் காதில் விழுந்தது. எழுந்து வந்து, அந்தச் சிறு நிலையத்தைச் சாதாரண ஃபோனில் பிடித்துத் தரச் சொன்னார். பிடித்துக் கொடுத்தேன். மைத்துனனைக் கூப்பிடச் சொல்லி, மெதுவான குரலில் பேசினார். எனக்கு வழி மறந்துபோச்சு, வழிகாட்டி வேணும் என்று நீயே கேட்டுவிடு, நான் எஞ்சினோடு வந்துவிடுகிறேன் என்பதுதான் பேச்சு. எங்கள் இரண்டு ஃபோனிலும் மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்கும்.

"எட்டு மாசத்துல வழி மறந்துபோச்சுன்னு எழுதிக் குடுத்தா எனக்கு எந்த வண்டி குடுப்பாங்க அத்தான்? அஞ்சரைக் கிலோமீட்டர். பாத்து ஓட்டிக்கிட்டு வந்துடுறேன். நீங்க சும்மா இருங்க, உங்களுக்கும் நல்லது."

அடுத்து புதன் கன்ட்ரோலைக் கேட்டார். தானே போய் வழிகாட்டுவதாகச் சொல்லிப் பார்த்தார். ஷண்டிங் எஞ்சின் அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்து எல்லாம் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆகும், வண்டி ஏற்கெனவே தாமதம், பதிவேட்டில் கையெழுத்து இருக்கும்போது எதற்கு என்று கன்ட்ரோலர் எரிந்து விழுந்தார். காரணம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் ஃபோன் தனி ஃபோன் இல்லை. எங்கள் பகுதியின் இருபத்திரண்டு நிலையங்களும் ஒரே கம்பியில். ஒருவர் பேசுவதை எடுத்தவர் எல்லோரும் கேட்கலாம். அன்றைக்கு எல்லோரும் எடுத்து வைத்திருந்தார்கள். பொய்க் கையெழுத்துக்கு வேலைநீக்கம் என்று பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். அவருக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. மைத்துனனின் வேலையும் அவர் வாயில் இருந்தது. அந்தக் கிழக்கு நிலையத்தில், வண்டியை இணைப்புப் பாதைக்குத் திருப்பிவிடும் பாயிண்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டி முடிந்தால் வண்டி கிளம்பிவிடும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த டிரைவருக்குப் பாதை தெரியாது சார். ஒரு தடவைகூட வந்ததில்ல. நான் போட்டது பொய்க் கையெழுத்து."

பிறகு கன்ட்ரோலர், மிச்சம் பதிமூன்று பேர் இருக்கிறார்களே, அவர்களில் யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை, வண்டியைப் பற்றிய கவலைதான் இருந்தது.

"அவங்களுக்கும் தெரியாது சார். எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்றைக்கு இருபத்திரண்டு நிலையங்களும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டன.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவரை உடனே வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பாதை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே சந்திப்பு சரியாகும் வரை அவர் குற்றவாளி இல்லை என்று யாரும் எழுதாமலே முடிவாயிற்று. மூன்று நாள், பகலில் மட்டும், இருபத்தேழு வண்டிகளுக்கு அவர் ஒருவரே வழிகாட்டினார். ஒரு வண்டியில் அந்த முனைக்குப் போவார், அடுத்த வண்டியில் இந்த முனைக்கு வருவார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தாமதத்தைத் தவிர எதுவும் தெரியாது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்குச் சந்திப்பு திறந்தது. ஏழரைக்கு அவருடைய தற்காலிக நீக்க உத்தரவு வந்தது. தட்டச்சு செய்தவன் நான்.

முதல் வண்டியில் அவர் மைத்துனன் பக்கத்தில் நின்று வந்ததை உதவி டிரைவர் சொன்னார். வளைவுக்கு வந்ததும், "வலது பக்கம்" என்று மட்டும் இவர் சொல்லியிருக்கிறார். மைத்துனன் அதுவரை இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது. அந்த மூன்று நாளும், இருபத்தேழு வண்டிக்கும், அது பச்சையாகவே இருந்தது. அவர் பேசாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்று சொல்கிறவர்கள் எங்கள் நிலையத்தில் இன்றும் இருக்கிறார்கள். மைத்துனன் அவர்களில் ஒருவர். அவரைச் சரக்கு வண்டிக்கு இறக்கினார்கள். அக்கா வீட்டுக்கு வருவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

விசாரணை என் அறைக்குப் பக்கத்து அறையில் நடந்தது. பதினாலு டிரைவர்களுக்கும் கண்டனக் கடிதம். பதினாலு பேரும் தங்கள் பெயரைத் தாங்கள் எழுதவில்லை என்று சாதித்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. புதன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். அவருக்கு வேலைநீக்கம், ஓய்வூதியம் பாதி, குடியிருப்பை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். முத்திரை குத்திய எழுத்தருக்குத் தெரியுமா என்று அதிகாரி அவரைக் கேட்டது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. பதில் கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிடுவார்கள் என்று மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை.

அவர் வீடு காலி செய்கிற அன்று போனேன். மாடி வீடு, இரண்டு அறை, சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார் அவர் மனைவி. தம்பிக்காக அவரைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். திட்டத்தான் செய்தார், ஆனால் வேறு விஷயத்துக்கு.

"ஃபோன்ல சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. நான் கேட்ட அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும். என்கிட்ட சொல்ல முடியாததை ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாரு பாருங்க."

புதன் கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, மனைவிக்கும் கேட்கும்படி, வெகுநாளாக என்னிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னார்.

"உங்களையும் இழுத்து விட்டுடுவாங்களோன்னு ரொம்ப பயந்தேன். எழுத்தருக்கு எப்படிங்க தெரியும், கையெழுத்தை நம்பித்தானே முத்திரை குத்துனாருன்னு அந்த அதிகாரிகிட்ட அடிச்சு சொல்லிட்டேன். நான் பண்ணின தப்புல உங்களை ஏமாத்துனதுதான் எனக்கு மனசு ஆறல."

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்தே சொன்னார்.

எனக்கு அப்போது இன்னும் ஆறு வருஷம் வேலை இருந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு, "அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.